சுயகூற்றின் முதல் நான்கு வரிகள்: வேலைக்கு விண்ணப்பிக்கும் மலையக இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தனியார் வங்கி, தொண்டு நிறுவனம், ஹோட்டல், சர்வதேசப் பாடசாலை என்று எங்கே விண்ணப்பித்தாலும் இப்போது பல இடங்களில் சீ.வி. மட்டும் போதுவதில்லை. ‘பேர்சனல் ஸ்டேட்மென்ட்’, அதாவது சுயகூற்று, என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஒன்லைன் படிவம் என்றால், ‘உங்களைப் பற்றியும் இந்தப் பதவிக்கு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்பது பற்றியும் எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டி காலியாகக் கிடக்கும். சீ.வி.யை ஒருவாறு எழுதி முடித்துவிடுகிற நம் பிள்ளைகள் இந்தப் பெட்டிக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். அதிலும் முதல் வரியில்தான் நிற்கிறார்கள்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிற சுயகூற்றுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித் தொடங்குகின்றன. எழுதியவர்களோடு பேசிப் பார்த்தால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. ஒருவர் கோயில் கமிட்டிக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதி வைத்திருப்பவர். இன்னொருவர் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னேரம் கணிதம் சொல்லிக் கொடுப்பவர். இது எதுவும் தாளில் வருவதில்லை. ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், சமூக சேவையில் ஆர்வமுள்ளவர்’ என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அரசாங்க வேலைக்கு இது பொதுவாகத் தேவைப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வர்த்தமானியில் வருகிற பதவிகளுக்கு மாதிரிப் படிவம், போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை என்று தனி வழி இருக்கிறது. கேட்காத இடத்தில் சுயகூற்றை இணைக்க வேண்டாம்.

1. விளம்பரத்தை இரண்டு முறை வாசியுங்கள்

முதல் முறை, தகைமையும் முடிவுத் திகதியும் பார்க்க. இரண்டாம் முறை, அந்த ஆளை எடுத்து அவர்கள் என்ன செய்விக்கப் போகிறார்கள் என்று பார்க்க. இந்த இரண்டாவது வாசிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

‘நுவரெலியா மாவட்டத் தோட்டப் பகுதிகளில் தாய் சேய் போசாக்குத் திட்டத்துக்குக் கள உத்தியோகத்தர் தேவை. தமிழிலும் சிங்களத்திலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு தொண்டு நிறுவனம் விளம்பரம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை வாசித்ததும் ‘சமூக சேவை’ என்று மட்டும் மனதில் பதிந்தால் சுயகூற்றும் அப்படித்தான் மேலோட்டமாக வரும். கொஞ்சம் யோசியுங்கள். இந்த ஆள் லயத்துக்கு லயம் போக வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிற தாய்மாரோடு பேச வேண்டும். தோட்ட நிர்வாகம், மருத்துவமாது, பிள்ளைக் காம்பராவில் (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) இருப்பவர் என்று எல்லாரையும் இணைத்துக்கொண்டு போக வேண்டும். கொழும்பிலிருந்து வருகிற அதிகாரிக்கு அன்றாடம் நடப்பதை எழுதி அனுப்ப வேண்டும். இதில் எதை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்? உங்கள் முதல் வரி அங்கேதான் இருக்கிறது.

2. ஒரு கொப்பியில் செய்ததை எல்லாம் எழுதுங்கள்

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நேரடியாக முதல் வரியை எழுத முயல வேண்டாம். ஒரு பின்னேரம் ஒதுக்கி, கொப்பியும் பேனையுமாக உட்காருங்கள்.

‘எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லையே’ என்பதுதான் நான் அதிகம் கேட்கிற பதில். சம்பளம் வாங்கிச் செய்தால் மட்டும்தான் அனுபவம் என்று நினைப்பதால் வருகிற பதில் அது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் நின்று வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அதை யாரும் வேலை என்று சொல்லாததால் நமக்கும் அப்படித் தோன்றுவதில்லை.

ஆகவே கொப்பியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். லயத்தில் யாருக்காவது கடிதமோ படிவமோ நிரப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? அரசாங்க உதவிக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பமாக இருக்கலாம், அடையாள அட்டைக்கான விண்ணப்பமாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்த ஒருவரோடு பிரதேச செயலகத்துக்கு அலைந்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் சிங்களம் தெரியாத ஒருவருக்காக டொக்டரோடு பேசியிருக்கிறீர்களா? மரண உதவிச் சங்கம், இளைஞர் கழகம், கோயில் கமிட்டி எதிலாவது பணத்துக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறீர்களா? ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ சில மாதங்கள் நின்றிருக்கிறீர்களா? அதைப் பலர் மறைக்கிறார்கள். மறைக்கவே கூடாது. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நாலு விபரம் குறியுங்கள்: எங்கே, எவ்வளவு காலம், எத்தனை பேருக்கு, அதனால் என்ன மாறியது. கடைசி விபரத்துக்குப் பதில் உடனே வராது. அதைத் தேடிப் பிடிக்கத்தான் நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். அம்மாவின் சம்பளச் சீட்டை வாசித்துச் சொல்வது வீட்டில் மூத்த பிள்ளையின் வேலை. பல தோட்டங்களில் ஒரு நாள் ‘பேர்’ விழ, அதாவது முழு நாள் வேலையாகப் பதிவாக, 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப் பேர்தான் விழும். மாதக் கடைசியில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம் போயிருக்கிறதா, கோயிலுக்கும் சங்கத்துக்கும் கழிந்தது எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அம்மா கலண்டரில் போட்டு வைத்த புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளை செய்வது கணக்காய்வு. பக்கத்து வீட்டு அக்காவும் தன் சீட்டைக் கொண்டுவந்து நீட்டத் தொடங்கினால், அந்தப் பிள்ளையிடம் ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது என்று அர்த்தம். சம்பளப் பிரிவில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், ‘எனக்குக் கணக்கியலில் ஆர்வம் உண்டு’ என்று தொடங்குவதா, இதைச் சொல்லித் தொடங்குவதா?

3. ஒன்றை மட்டும் எடுங்கள்

கொப்பி நிறைந்ததும் எல்லாவற்றையும் முதல் பந்தியிலேயே அடுக்கத் தோன்றும். வேண்டாம். விளம்பரத்தில் கண்ட தேவைக்கு மிகக் கிட்ட இருப்பது எதுவோ அதை எடுங்கள். பெரிய விடயமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாகாண மட்டப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றது பெருமைதான். போசாக்குத் திட்டத்துக்கு அது சீ.வி.யில் ஒரு வரியாக இருந்தால் போதும். கிளினிக்கில் நின்று மொழிபெயர்த்ததுதான் இங்கே முன்னால் வர வேண்டும்.

இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் வேறு தொடக்கம் வேண்டும். நடுப் பகுதியைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் பயன்படுத்தலாம், தொடக்கத்தை அப்படிச் செய்ய முடியாது.

4. பழகிப்போன வரிகளை வெட்டுங்கள்

டவுனில் கொமியூனிகேஷனுக்கு (டைப் செய்து அச்செடுத்துத் தரும் கடைக்கு) போனால் கணினியில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கும். பெயரையும் முகவரியையும் மாற்றி அச்செடுத்துத் தந்துவிடுவார்கள். அவசரத்துக்கு அது உதவுகிறதுதான். ஆனால் அதே மாதிரி அந்த டவுனிலிருந்து எத்தனை பேர் பெயரில் அதே நிறுவனத்துக்குப் போயிருக்கும்? சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினாலும் கதை இதுதான். உங்கள் கொப்பியில் இருப்பது அதற்குத் தெரியாது. எழுதி முடித்த பின் எழுத்துப் பிழை பார்க்கவும் ஆங்கிலத்தைச் சீராக்கவும் அதைக் கேளுங்கள், தவறில்லை. முதல் வரிக்கான விடயம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

முதல் பந்தியில் கண்டால் வெட்ட வேண்டியவை சில உண்டு. பெயர், பிறந்த திகதி, பாடசாலையின் பெயர்: இவை சீ.வி.யில் இருக்கின்றன. ‘சிறுவயது முதலே’: பெரும்பாலும் உண்மை இல்லை, உண்மையாக இருந்தாலும் யாரும் நம்புவதில்லை. ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனம்’: அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்க்கவில்லை என்பதை இது காட்டிக் கொடுத்துவிடும். திருக்குறளிலோ பாரதியிலோ ஒரு வரி எடுத்துத் தொடங்குவதும் அப்படித்தான். நாலே வரி இடம் இருக்கும்போது அதில் ஒன்றை வள்ளுவருக்குக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது மூன்று.

5. எழுதிப் பார்ப்போம்

மேலே சொன்ன போசாக்குத் திட்டத்துக்குப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கை ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொண்டு, அவருடைய தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்க்கலாம்.

முதல் முறை:

“நுவரெலியா மாவட்டம் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த நான், பல கஷ்டங்களுக்கு மத்தியில் கல்வி கற்று உயர்தரத்தில் சித்தியடைந்துள்ளேன். சிறுவயது முதலே சமூக சேவையில் மிகுந்த ஆர்வம் கொண்ட நான் நேர்மையும் கடின உழைப்பும் குழுவாகச் செயற்படும் திறனும் உடையவள். தங்கள் நிறுவனத்தில் பணியாற்ற எனக்கும் ஒரு வாய்ப்பு வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு இந்தத் தங்கையைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? ஊர் தெரிந்தது, அவ்வளவுதான். நேர்மையும் உழைப்பும் அவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவை. கடைசி வரி கேட்கிறது, கொடுக்கவில்லை.

கொப்பியைப் பார்த்த பிறகு இரண்டாம் முறை:

“எங்கள் தோட்டத்தில் மாதம் ஒருமுறை கிளினிக் நடக்கிறது. வருகிற மருத்துவமாது சிங்களம் பேசுபவர். தாய்மாருக்கு அவர் சொல்வதைத் தமிழில் விளக்கி இரண்டு வருடங்களாக உதவி வருகிறேன். இந்த அனுபவம் உங்கள் திட்டத்துக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.”

நல்ல முன்னேற்றம். ஒரு இடம் வந்துவிட்டது, ஒரு வேலை வந்துவிட்டது, காலமும் வந்துவிட்டது. பலர் இந்த இடத்தோடு திருப்திப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதில் அவர் வாயாக மட்டும்தான் இருக்கிறார். அங்கே நின்றபோது அவருடைய கண் எதைப் பார்த்தது, மூளை என்ன யோசித்தது என்பது இன்னும் வரவில்லை. ‘என்ன மாறியது’ என்ற அந்த நாலாவது விபரத்தைத்தான் இப்போது தோண்ட வேண்டும்.

நான் பக்கத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: மருத்துவமாது என்ன சொல்வார்? ‘பிள்ளையின் நிறை போதாது, முட்டை கொடுங்கள், பருப்புக் கொடுங்கள்’ என்பார். நீங்கள் சொன்னதும் தாய்மார் என்ன செய்வார்கள்? தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் நிறை கூடியிருந்ததா? பல பிள்ளைகளுக்கு இல்லை. ஏன் என்று யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டபோதுதான் தெரிந்தது, தாய் காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறார், பகலில் பிள்ளைக்கு ஊட்டுவது பாட்டி, கிளினிக்கில் சொன்னது பாட்டியின் காதுக்கு வரவே இல்லை. சரி, அப்புறம் என்ன செய்தீர்கள்? பாட்டிமாரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னேன்.

அவ்வளவுதான், தொடக்கம் கிடைத்துவிட்டது. மூன்றாம் முறை:

“எங்கள் டிவிஷனில் நடக்கும் மாதக் கிளினிக்கில், மருத்துவமாது சிங்களத்தில் சொல்வதைத் தாய்மாருக்குத் தமிழில் சொல்லும் வேலையை இரண்டு வருடங்களாகச் செய்கிறேன். சொன்னதைத் தாய்மார் கேட்டுக்கொண்டாலும் பிள்ளைகளின் நிறை கூடவில்லை. காரணத்தை விசாரித்தபோது, தாய் கொழுந்து மலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு உணவு ஊட்டுவது பாட்டி என்பதும் அவருக்குக் கிளினிக்கில் சொன்னது தெரியாது என்பதும் புரிந்தது. அதன் பிறகு பாட்டிமாரையும் கிளினிக்குக்கு அழைத்து வருகிறேன். உங்கள் திட்டத்தின் வீட்டுச் சந்திப்புகளைத் தோட்டத்து வேலை நேரத்துக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஏற்ப ஒழுங்கு செய்ய இந்த அனுபவத்தோடு வருகிறேன்.”

இதில் ‘ஆர்வம்’ என்ற சொல்லே இல்லை, இருந்தும் ஆர்வம் தெரிகிறது. ‘இரு மொழித் திறமை’ என்று எழுதவில்லை, முதல் வரியிலேயே அது வந்துவிட்டது. காரணம் தேடுகிற குணமும், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்ததும் தெரிகிறது. கடைசி வரியில் அவர் கெஞ்சவில்லை. தன்னால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறார். ‘பிள்ளைகள் எல்லாருக்கும் நிறை கூடிவிட்டது’ என்று அடித்துவிடவும் இல்லை, கவனித்தீர்களா? அப்படி நடந்திருந்தால் எழுதலாம். நடக்காததை எழுதக் கூடாது.

தலைப்பில் நாலு வரி என்றேன், இங்கே ஐந்து வாக்கியம் வந்திருக்கிறது. அதில் தவறில்லை. முதல் பந்தி இதைவிட நீளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேறு வேலைகளுக்கும் இதே வழிதான். நுவரெலியாவில் ஹோட்டல் வரவேற்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிற தம்பிக்கு, அப்பாவின் ஓட்டோவோடு நானுஓயா ஸ்டேஷனில் நின்று, எல்ல ரயிலுக்கு டிக்கட் கிடைக்காமல் தவித்த வெளிநாட்டுக்காரருக்குப் பஸ் வழியை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தது தொடக்கமாகலாம். அனர்த்த முகாமைத்துவத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறவர், தோட்டத்தில் மழைமானி பார்த்தவராக இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர். எந்த இரவில் எந்த அளவைத் தாண்டியது, உடனே யாரை எழுப்பினீர்கள் என்று எழுதினால், இரண்டே வரியில் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

6. கஷ்டத்தை எழுதலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை இல்லை. என் பதில் நேரானது: கஷ்டத்தை மறைக்கவும் வேண்டாம், அதை வைத்துக் கேட்கவும் வேண்டாம்.

நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வீட்டுக் கூரைக்குத் தகரம் வேண்டும் என்றாலும், பிள்ளையின் கலியாணத்துக்கு முற்பணம் வேண்டும் என்றாலும், துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, மனு எழுத வேண்டும். அந்த மனுவில் குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், பணிவாகக் கேட்க வேண்டும். தாத்தா பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான் காரியம் நடந்தது. அவர்கள் வேறு வழி இல்லாமல் எழுதினார்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் வேலை விண்ணப்பம் மனு இல்லை. அவர்களுக்கு ஒரு ஆள் தேவை, உங்களிடம் ஒரு திறமை இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்து பேசுகிற விடயம் இது. இரக்கப்பட்டு யாரும் வேலை தருவதில்லை. இரக்கம் வந்தால், ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார்கள்.

அதற்காக, தோட்டத்திலிருந்து வந்ததே தெரியக் கூடாது என்று நினைத்து முகவரியில் டவுன் பெயரை மட்டும் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அம்மா கொழுந்து எடுக்கிறவர் என்பது ஒரு தகவல். அது வேலைக்குச் சம்பந்தப்பட்டால், தலை நிமிர்ந்து, ஒரு வரியில் எழுதுங்கள். சம்பளச் சீட்டு உதாரணத்தையே பாருங்கள்:

“கொழுந்து எடுக்கும் என் அம்மாவின் சம்பளச் சீட்டை ஓ.எல். படிக்கும் காலத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் சரிபார்த்து வருகிறேன். இப்போது எங்கள் லயத்தில் மேலும் ஆறு குடும்பங்கள் தங்கள் சீட்டுகளை என்னிடம் கொண்டு வருகின்றன. பேர் விழுந்த நாட்களிலோ கழிவுகளிலோ பிழை இருந்தால், அதை எழுதித் தோட்ட அலுவலகத்தில் காட்டித் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.”

குடும்பத்தின் நிலைமை இதில் முழுவதும் தெரிகிறது. ஒரு இடத்திலும் இரக்கம் கேட்கவில்லை. வாசிக்கிறவர் இந்தப் பிள்ளையை மதிப்பார்.

படிப்பு இடையில் நின்றிருந்தால், ஏ.எல். இரண்டாம் தடவை எடுத்திருந்தால், சீ.வி.யில் ஒரு வருட இடைவெளி தெரியும். அதை விளக்க வேண்டும் என்றால் சுயகூற்றின் நடுவில் ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். முதல் பந்தியில் வேண்டாம்.

7. சமூகத்தின் வரலாறு எங்கே வரும்?

2023இல் ‘மலையகம் 200’ நினைவுகூரப்பட்ட பிறகு, நம் வரலாற்றைப் பற்றி இளைஞர்கள் நிறைய வாசிக்கிறார்கள். மிகவும் நல்ல விடயம். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு நம் முன்னோர் வந்த, 1823இல் தொடங்கிய அந்தப் பயணத்தையும் 1948இல் குடியுரிமை பறிபோனதையும் கொழும்பில் இருப்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சுயகூற்றின் முதல் வரியாகப் போட்டால், மூன்று வரி கழிந்தும் நீங்கள் இன்னும் வந்திருக்க மாட்டீர்கள். அதே வரலாற்றை இன்னொரு ஆயிரம் பேரும் எழுதலாம்.

வரலாற்றுக்குள் நீங்கள் ஏதாவது செய்திருந்தால் கதை வேறு. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் நீங்களும் நடந்தீர்களா? வந்தவர்களுக்கு ஒரு இரவு தங்க இடமும் சாப்பாடும் ஒழுங்கு செய்தீர்களா? உங்கள் தோட்டத்து முதியவர்களின் கதைகளைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அதிலிருந்து தொடங்குங்கள். மனித உரிமை, கல்வி, ஆவணப்படுத்தல் சார்ந்த வேலைகளுக்கு அது மிகப் பொருத்தம்.

8. ஆங்கிலத்தில் கேட்டால்

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அப்படி இருந்தாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். யோசிக்கிற மொழியில் எழுதினால்தான் பாட்டி வருவார், சம்பளச் சீட்டு வரும். நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால் ரியூஷனில் பாடமாக்கிய வாக்கியங்கள்தான் கைக்கு வரும்.

மாற்றும்போது, தமிழில் ‘போய், பார்த்து, கேட்டு, சொல்லி’ என்று ஒரே மூச்சில் ஓடுகிற வாக்கியத்தை ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாக உடைத்து எழுதுங்கள். சிறிய வாக்கியம் எழுதினால் ஆங்கிலம் குறைவாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம், தெளிவாகத்தான் தெரியும். அகராதியில் தேடி எடுத்த பெரிய சொல்லைப் போட வேண்டாம். நேர்முகப் பரீட்சையில் அதே சொல்லை நீங்கள் வாயால் சொல்ல வேண்டி வரலாம். டிவிஷன், பேர், பிள்ளைக் காம்பரா போன்றவை தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. நாலைந்து சொல்லில் அது என்ன என்று கூடவே எழுதிவிடுங்கள். இடத்தையும் அப்படியே: தோட்டத்தின் பெயரோடு கிட்ட உள்ள டவுனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் மொழியைத் திருத்தட்டும். விடயத்தைத் தூக்கிவிட்டு அழகான வாக்கியம் ஒன்றைப் போட்டுத் தந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, உங்கள் விடயத்தைத் திரும்ப வையுங்கள்.

9. அனுப்பும் முன்

உங்கள் பெயரை எடுத்துவிட்டுக் கூடப் படித்த நண்பர் ஒருவரின் பெயரைப் போட்டு முதல் பந்தியை வாசியுங்கள். அவருக்கும் அது பொருந்தினால், தொடக்கம் இன்னும் உங்களுடையதாகவில்லை. மறுபடி கொப்பிக்குப் போங்கள்.

அப்புறம் சத்தமாக வாசியுங்கள். வீட்டில் யாராவது கேட்கட்டும். தமிழில் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் ‘அது அப்படி இல்லையே, ஐந்து வீடுதானே’ என்று அவர் உடனே சொல்லிவிடுவார். எண்ணிக்கைகளைச் சரிபார்க்க அவரைவிட நல்ல ஆள் இல்லை. எண்ணிக்கை சரியாக இருப்பது மிக முக்கியம். ஏனென்றால் நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வி பெரும்பாலும் உங்கள் முதல் வரியிலிருந்துதான் வரும். ‘பாட்டிமார் எத்தனை பேர் வந்தார்கள்? வர மறுத்தவர்களை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். நடந்ததை எழுதியவருக்கு இது மிகச் சுலபமான கேள்வி. பயம் இல்லாமல் பேசத் தொடங்கிவிடலாம். கூட்டி எழுதியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

தொடர்பு விபரத்தில் எப்போதும் கையில் இருக்கும் போன் இலக்கத்தையும் ஈமெயிலையும் தெளிவாகக் கொடுங்கள். பல தோட்டங்களில் கடிதங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வந்து சேர நாளாகிவிடும். தபாலை நம்பி இருக்க வேண்டாம். போனில் சிக்னல் கிடைக்காத டிவிஷன் என்றால், டவுனில் இருக்கும் உறவினர் ஒருவரின் இலக்கத்தை இரண்டாவதாகக் கொடுத்து, அவரிடமும் சொல்லி வையுங்கள்.

அனுப்பிய சுயகூற்றின் பிரதி ஒன்றை நிறுவனத்தின் பெயரும் திகதியும் போட்டு வையுங்கள். அழைப்பு இரண்டு மூன்று மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் வேறு இடங்களுக்கு வேறு தொடக்கங்கள் அனுப்பியிருப்பீர்கள். பிரதியின் பின்பக்கத்தில், முதல் பந்தியில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தைக் குறியுங்கள்: கிளினிக் நடந்த மாதங்கள், வந்த பாட்டிமாரின் எண்ணிக்கை, இதையெல்லாம் அறிந்த மருத்துவமாதின் போன் இலக்கம். உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடியவராக (ரெஃபரீ) அவரைக் குறிப்பிடுவதானால், விண்ணப்பம் போவதற்கு முன்பே அவரிடம் அனுமதி கேளுங்கள், முதல் பந்தியை அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.